வாத்துக்குப் பகல் வேண்டும்

எங்கள் ஆயா எட்டு வாத்து வளர்த்தாள். எழுபதுகளில், திருநீர்மலை அடிவாரத்தில். கொல்லையில் மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி இடுப்பளவுக்கு ஒரு மண்சுவர், மேலே பனையோலை, முன்னால் மூங்கில் பிளாச்சைக் கட்டிச் செய்த படல். உள்ளே நான்கடிக்கு ஆறடி இருக்கும். தரையில் நெல் உமி, மூலையில் வைக்கோல். வாத்துக்கென்று எங்கள் வீட்டில் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

எட்டு வாத்துக்கு 24 சதுர அடி. இன்று வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்கள் வாத்து வளர்ப்போருக்குத் தரும் கணக்கும் அதுவே. பகலில் வெளியே விட்டு இரவில் அடைக்கும் முறையில், அடையும் இடம் ஒரு வாத்துக்கு 3 சதுர அடி. ஆயா எந்தப் பல்கலைக்கழகத்தையும் பார்த்ததில்லை. எட்டும் படுத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, காலையில் குனிந்து பெருக்க அவளுக்கு இடம் வேண்டும். அந்த அளவில் சுவர் எழுப்பினாள். ஆனால் அதே கணக்கில் இரண்டாவது வரி ஒன்று உண்டு. பகலில் உலாவ ஒவ்வொரு வாத்துக்கும் 10 முதல் 15 சதுர அடி திறந்த வெளி வேண்டும். மொத்த இடத்தில் ஏறக்குறையக் கால் பங்கு கூரை, முக்கால் பங்கு வானம். அந்த முக்கால் பங்கை ஆயா அளந்ததே இல்லை. அளக்கும் தேவை அவளுக்கு வரவில்லை. எங்கள் வாத்துகளுக்கு அந்த முக்கால் பங்கு திருநீர்மலை ஏரியாக இருந்தது.

இரவுக்கு நாங்கள் பொறுப்பு, பகலுக்கு ஊர் பொறுப்பு. எழுதி வைக்காத இந்த ஏற்பாட்டில்தான் அன்று வீட்டுக்கு வீடு வாத்து இருந்தது. வாத்து வளர்க்க எவ்வளவு இடம் வேண்டும் என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் கூண்டின் நீள அகலத்தைத்தான் கேட்கிறார்கள். கூண்டை ஒரு தச்சர் ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார். பகலை யார் அடித்துக் கொடுப்பது?

அந்தப் பகல் எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து கிடந்ததாகவும், அது வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்ததாகவும் தல வரலாறு சொல்லும். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் அரங்கநாதர். நான் சிறுவனாக மலைமேல் நின்று பார்த்த ஐப்பசி, கார்த்திகைகளில் அந்த வரலாற்றை நம்ப யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு நடுவே கால்வாய், கால்வாய் போய்ச் சேரும் அடையாறு என்று கண்ணுக்கு எட்டியவரை நீர் மின்னும். சினிமாக்காரர்கள் கல்யாணக் காட்சி எடுக்க இந்தக் கோயிலைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் படத்தில் படிக்கட்டும் மண்டபமும் வரும். மலையைச் சுற்றியிருந்த அந்த நீர்க்காடு ஒரு படத்திலாவது முழுசாகப் பதிவாகியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

பொழுது நன்றாக ஏறிய பிறகே ஆயா படலைத் திறப்பாள். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் நான் முன்கூட்டியே திறக்கப் போனால் அதட்டுவாள். "இருடா. வெயில் கெணத்தடிக்கு வரட்டும். இப்பவே தொறந்து வுட்டா முட்டையெல்லாம் ஏரிக்குத்தான் போவும்." வாத்து இடும் முட்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடும் என்று பின்னாளில் ஒரு கையேட்டில் படித்தேன். கோழி நேரம் காலம் பார்க்காது, பகலில் எப்போது வேண்டுமானாலும் இடும். வாத்துக்கு அதிகாலைதான். ஆகவே ஒன்பது மணி வரை அது அடைபட்டு இருப்பதற்கு இடம் வேண்டும், ஒன்பதுக்குப் பிறகு அடைபடாமல் இருப்பதற்கு இடம் வேண்டும். ஆயா கிணற்றடி வெயிலை வைத்து அந்த எல்லையைப் பிரித்து வைத்திருந்தாள்.

படல் திறந்ததும் எட்டும் ஒரே கும்பலாக முண்டிக்கொண்டு வெளியேறும். சந்து வழியாக இறங்கிக் கால்வாய்க்குப் போய், கால்வாய் வழியே ஏரி. அங்கே நத்தை, புழு, பூச்சி, தலைப்பிரட்டை, பாசி, உதிர்ந்த நெல். வீட்டில் அவற்றுக்குப் போட்ட தீனி சாயங்காலம் ஒரு வேளை, கஞ்சித் தண்ணீரில் பிசைந்த தவிடும் நொய்யும் மட்டுமே. பொழுது சாயும்போது ஆயா தகரக் குவளையைத் தட்டுவாள். சந்து முனையில் ஒரு வரிசை தெரியும். ஊரில் எல்லா வீட்டு வாத்தும் ஏரியில் கலந்து மேய்ந்துவிட்டுத் தத்தம் வீட்டுக்குப் பிரிந்து போகும் அந்த நேரத்தில் சந்தில் சைக்கிள்காரர்கள் இறங்கி நிற்பார்கள்.

அறுவடை முடிந்தால் வேறு ஒரு கூட்டம் வரும். ஆரணிப் பக்கத்திலிருந்தும் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்தும் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வந்து தாள் வயலில் விடுவார்கள். சன்னியாசி, கீரி என்று நிறத்தை வைத்து வாத்துக்குப் பெயர் சொல்வதை அவர்களிடம்தான் கேட்டேன். அவர்களுக்குக் கூடே கிடையாது. மேடான வரப்போரம் பார்த்து நாலு மூங்கில் நட்டுச் சுற்றிலும் வலை கட்டினால் அதுதான் பட்டி. விடியலில் பட்டிக்குள் இறங்கி முட்டை பொறுக்குவார்கள். வயல் காய்ந்ததும் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊர். இடம் வேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை, இடத்தைத் தேடி நடந்துகொண்டே இருப்பது. வயல்காரருக்கு எரு, மேய்ப்பவருக்கு முட்டை, வாத்துக்குச் சிந்திய நெல்.

அந்தக் காட்சியை நான் விரும்பினேன். இப்போதும் விரும்புகிறேன். ஆனால் அந்தப் பட்டிகளில் என் வயதுப் பையன்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல், நீண்ட கழியோடு, வெறுங்காலில். பெரியவர்கள் வாங்கிய முன்பணத்துக்காக வாத்து மேய்க்க விடப்பட்ட இருளர் குழந்தைகளை மீட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளில்கூட வந்திருக்கின்றன. அன்றைய பகல் வாத்துக்கு இலவசம். அந்தப் பையன்களுக்கு அல்ல. பழைய காலத்தைப் புகழ வரும்போது இதை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாது.

ஊரின் பகல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் வயலில் நட்ட கல். பிறகு மனைப்பிரிவு, பிறகு வீடு. ஏரிக்கு வரும் வாய்க்கால்களில் வீட்டுக் கழிவு இறங்கியது. பக்கத்து நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழில். புறவழிச்சாலை வந்தது, அதையொட்டி அடுக்குமாடிகள் வந்தன. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் உள்ளிட்ட ஊர்களோடு எங்கள் பேரூராட்சியும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. வேலைக்காகவும் வாடகைக்காகவும் நகரத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டவர்கள் எங்கோ குடியிருந்தாக வேண்டும். அவர்கள் வீடு கட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏரிக்கு நல்ல நீர் வரும் வழியை விட்டுவைக்காமல் மனை பிரித்ததைத்தான் குறை சொல்கிறேன். வாத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை மக்கள் மொட்டை மாடிகளில் நின்றார்கள். வடிவதற்கு இடமில்லாத நீரும் மேய்வதற்கு இடமில்லாத வாத்தும் ஒரே இழப்பின் இரண்டு பக்கங்கள்.

இன்று வாத்தைத் தெருவில் திறந்துவிட முடியாது. வண்டி, நாய் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. தெரியாத ஆபத்து சாக்கடை. தேங்கி அழுகிய நீரில் செத்த பூச்சியையும் புழுவையும் தின்னும் வாத்துக்குப் பாட்டுலிசம் என்ற நஞ்சேறும். கழுத்து துவண்டு தலையைத் தூக்க முடியாமல் சாகும். ஆகவே வாத்து வேண்டும் என்கிறவர் கூரையோடு சேர்த்து ஏரியையும் வயலையும் கால்வாயையும் தன் கொல்லைக்குள்ளேயே, சின்ன அளவிலாவது, அமைத்துக் கொடுக்க வேண்டும்.

நான் அமைத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அதே அடிவாரத்தில், அரை கிரவுண்டு மனையில். வீடு போக எஞ்சிய இடத்தில் ஆறு வாத்து. கணக்கு எளிது: இரவுக்கு 18 சதுர அடி, பகலுக்கு 90. ஆக மொத்தம் 108. அடுக்குமாடி கட்டும்போது ஒரு காருக்கு ஒதுக்க வேண்டிய இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 134 சதுர அடி. காரே இல்லாத பல வீடுகளுக்கும் இன்று அந்த இடம் விட வேண்டியிருக்கிறது. ஆறு உயிர்கள் அதைவிடக் குறைந்த இடத்தில் நிறைவாக வாழும் என்று சொன்னால் கேட்பவர்கள் நம்புவதில்லை. அந்த இடம் மண்ணாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சிமென்ட் போட்டு மூடிய இடம் எத்தனை சதுர அடி இருந்தாலும் கணக்கில் வராது. கரடுமுரடான தளத்தில் நடந்து நடந்து உள்ளங்கால் வெடித்துச் சீழ் வைக்கும். கால்தான் வாத்தின் பலவீனம். காலைப் பிடித்துத் தூக்கினால் எலும்பு விலகக்கூடும். இரு கையாலும் உடம்பை அணைத்துத்தான் தூக்க வேண்டும்.

இரவுக் கொட்டகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீரில் வாழும் பறவை என்பதால் ஈரத்தில் கிடந்தாலும் பரவாயில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. பகலில் எவ்வளவு நனைந்தாலும் இரவில் அதற்குக் காய்ந்த தரை வேண்டும். வாத்தின் எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், மூச்சிலும் ஈரம். அடைத்த பெட்டியில் ஆறு வாத்தைப் படுக்க வைத்தால் விடியும்போது உமி கசகசவென்று ஊறி, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அதனால் சுவர் இரண்டடிக்கு மேல் எழும்ப வேண்டியதில்லை. அதற்கு மேலே கூரை வரை வலை. படுத்திருக்கும் வாத்தின்மேல் நேராகக் காற்று அடிக்காது, தலைக்கு மேலே ஈரம் வெளியேறிவிடும். ஆயாவின் இடுப்பளவு மண்சுவரும் அதன்மேல் விட்டிருந்த இடைவெளியும் சரியாக இந்த வேலையைத்தான் செய்தன. கூரைக்கு நான் ஓலையே போட்டேன். இரும்புத் தகடு சித்திரை வெயிலில் உள்ளே இருப்பதை வேக வைத்துவிடும். நம் ஊரில் வாத்துக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, வெக்கைதான். ஓலைக்கு அடியில் மழைக்காக ஒரு தார்ப்பாய் விரிப்பு உண்டு.

தரையைச் செம்மண் கொட்டி இரண்டடி உயர்த்தியிருக்கிறேன். 2015இல் எங்கள் சந்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பார்த்து வைத்த அளவு அது. நீந்தத் தெரிந்த உயிருக்கு வெள்ளத்தில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். திறந்த வெளியில் ஆபத்தில்லை. அடைத்துத் தாழிட்ட கூண்டுக்குள் நீர் ஏறினால் வாத்தும் கூரையில் முட்டி மூழ்கித்தான் போகும். உயரத்துக்கு ஏற்றபடி சரிவு வேண்டும். வாத்து படி ஏறாது. இரண்டடி உயரத்துக்கு ஏழடி நீளத்தில் மண்சரிவு, இரண்டடி அகலம். கதவும் அகலமாகவே இருக்க வேண்டும். ஒவ்வொன்றாக வரிசையில் நுழையும் பழக்கம் வாத்துக்கு வாசலில் கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் முண்டும். குறுகிய வாசலில் நசுங்கிக் கால் ஒடிந்த வாத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வலை எது என்பது உயிர் காக்கிற விஷயம். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கோழிவலை வாத்தை உள்ளே வைத்திருக்கும். கீரியை வெளியே வைத்திருக்காது. எங்கள் மலையடியில் கீரி உண்டு, மரநாய் உண்டு, பெருச்சாளிக்குக் கணக்கே இல்லை. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலைதான் தாங்கும். அதையும் தரையோடு நிறுத்தாமல் ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருச்சாளி அடியில் தோண்டி முட்டைக்கு வரும், அது தோண்டிய வழியில் பாம்பும் வரும். கோழியாவது கொம்பில் ஏறிக்கொள்ளும். வாத்து தரையில்தான் தூங்கும். தப்பிக்க அதற்கு உயரமே கிடையாது.

முட்டைப் பெட்டி மூன்று வாத்துக்கு ஒன்று போதும். ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஓரடி உயரம், உள்ளே வைக்கோல். தீனியையும் ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன, வாத்துக் குஞ்சுகளும் மாண்டன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் அந்த நஞ்சு முதன்முதலாகப் பிடிபட்டது. ஐப்பசி மழையில் நம் வீட்டு மூட்டையும் அப்படித்தான் பூக்கும். மூடியுள்ள டிரம், தரையைத் தொடாமல் இரண்டு செங்கல் மேல். இதுவும் வாத்து வீட்டின் பகுதிதான்.

இனி ஏரி. வாத்து வாழ்வதற்கு நீந்தியே தீர வேண்டும் என்பதில்லை. தலை முழுவதும் மூழ்கும் ஆழம் மட்டும் கட்டாயம். ஐந்து, ஆறு அங்குலம் போதும். அந்த ஆழம் இல்லாத தட்டில் தண்ணீர் வைத்தால் கண்ணையும் மூக்குத் துளையையும் அதனால் கழுவ முடியாது. கண் பொருக்குத் தட்டும், பார்வையே போகும். பண்ணைகளில் கொட்டகைக்கு எதிர்க்கோடியில் அரை மீட்டர் அகலம், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் நீர்வழி வெட்டச் சொல்வார்கள். எதிர்க்கோடி என்பதில் அர்த்தம் இருக்கிறது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே சேறு, சேறும் படுக்கையும் பக்கத்தில் இருக்கக் கூடாது. என் இடத்தில் அதே அளவில் ஒரு சின்ன சிமென்ட் தொட்டி, அடியில் ஒரு குழாய். பிழைப்பதற்கு அந்த ஆழம் போதும். ஆனால் வாத்து மிதப்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அதோடு நிறுத்த மனம் வராது. இன்னொரு பெரிய டப்பும் வைத்திருக்கிறேன், அவை முழுசாக இறங்க.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் பச்சையாகி நாறும். தினமும் மாற்ற வேண்டும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் வாத்துக்குத் தண்ணீர் என்று கேட்டால் யாருக்கும் நெஞ்சு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. அதனால் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை அல்ல, அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் டப்புக்குத் திருப்பினேன். டப்புத் தண்ணீர் கடைசியில் வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. எருவே போடாமல் அந்த வாழை தள்ளும் தாரைப் பார்த்து வேலியோரம் நின்று விசாரிக்கிறார்கள். தினம் மாறும் தண்ணீர் என்பதால் கொசுப்புழு தங்குவதில்லை. டெங்கு சோதனைக்கு வரும் மாநகராட்சிப் பணியாளர்களிடம் தொட்டியைக் காட்டி விளக்குவேன். சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய இரும்பு முதல் செடி, நாய்க்குட்டி, லவ்பேர்ட்ஸ் வரை எல்லாம் கிடைக்கும் அந்தச் சந்தையை நான் நேசிக்கிறேன். என் வாழைக்கன்றும் அங்கே வாங்கியதுதான். ஆனால் அட்டைப் பெட்டிகளில் மஞ்சள் மஞ்சளாக வாத்துக் குஞ்சு இருக்கும் மூலையைத் தாண்டும்போது நடை தளர்ந்துவிடும். குழந்தை கேட்கும், அப்பா வாங்கித் தருவார். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி அதில் விடுவார்கள், வாத்து ஆயிற்றே என்று. தாயோடு வளரும் குஞ்சுக்குத் தாயின் சிறகு எண்ணெய் ஒட்டியிருக்கும், நீர் உள்ளே இறங்காது. அடைகாப்பானில் பொரித்த குஞ்சின் மெத்தைமயிர் ஊறிவிடும். ஏறி வெளியே வர வழியில்லாத டப்பில் சிறிது நேரத்தில் விறைத்துப்போகும். மறுநாள் காலையில் அந்தக் குழந்தை பார்ப்பது என்ன என்று வாங்கிக் கொடுத்தவர் யோசித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்.

முதல் வாரம் குஞ்சுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாலாவது வாரம் நம் ஊர்க் காற்றே போதும். மூன்று வாரம் வரை குஞ்சுக்கு ஒரு சதுர அடி. குடிக்க இரண்டு, மூன்று அங்குல ஆழம், அதிலும் கூழாங்கல் போட்டு வைப்பது நல்லது. இதைச் சந்தையில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் எத்தனை குஞ்சு பிழைக்கும்! இன்னொன்றையும் எழுத வேண்டும். இந்த மஞ்சள் பஞ்சு இரண்டு மாதத்தில் முழு வாத்து ஆகிவிடும். பால்கனியில் அதற்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

முறையாகக் கற்றுக்கொண்டு தொடங்க விரும்புகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. பொத்தேரிப் பக்கம் கட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம். வாத்து பிளேக் தடுப்பூசி எப்போது, எந்த இனம் நம் வெக்கைக்கு ஏற்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முட்டைக்காக என்றால் காக்கி கேம்பெல்லைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் அடீல் கேம்பெல் என்ற பெண்மணி நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டில் கலந்து உருவாக்கிய இனம், நன்றாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அடைக்கு மட்டும் உட்காராது. நாட்டு வாத்து அவ்வளவு இடாது, ஆனால் நம் பகலைத் தாங்கும். சின்னக் கொல்லைக்கு நான் நாட்டு வாத்தைத்தான் சொல்வேன்.

போன ஆடியில் அடுத்த வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். மகனுக்கு வாத்து வேண்டுமாம்.

"மாடியில வெச்சா நல்லா இருக்குமா அண்ணா? ஷீட் போட்டுக் கூண்டு அடிச்சிடலாம்னு சொல்றாரு இவரு."

"மாடித் தளத்துல மத்தியானம் நீ வெறுங்கால்ல நிப்பியாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. "நிக்க முடியாது" என்றாள். பிறகு, "கீழ அஞ்சடிதான் அண்ணா இருக்கு. நீளம் இருவது. அதுல மோட்டார் வேற."

இருபதுக்கு ஐந்து, 100 சதுர அடி. மோட்டார், செப்டிக் டேங்க் மூடி போக எழுபது தேறும். நாலு வாத்துக்குப் பகல் மட்டும் சரியாக இருக்கும், கொட்டகைக்கு இடம் மிஞ்சாது. என் பக்கத்துக் கொட்டகையில் 18 சதுர அடிக்குப் பக்கத்திலேயே நீட்ட இடம் இருந்தது. நான் சொன்னேன், இரவை இந்தப் பக்கம் வைத்துக்கொள்வோம், பகலைச் சேர்த்துக்கொள்வோம். அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்தார். தன் பக்கத்துச் சிமென்டைக் கொத்தி எடுத்துவிடச் சம்மதித்தார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

காம்பவுண்டு சுவரின் அடியில் மூன்றடி அகலம், இரண்டடி உயரத்துக்குத் திறப்பு விட்டோம். மேலே கடப்பா கல்லைத் தாங்கலாக வைத்தார் கொத்தனார். கொட்டகையை 30 சதுர அடிக்கு நீட்டினோம், பத்து வாத்துக்கு. முட்டைக்கு ஆண் அவசியமில்லை என்பதால் என்னிடம் இருக்கும் ஒன்றே போதும் என்று முடிவானது. காலையில் ஒன்பது மணிக்கு முட்டை எடுத்துக் கதவைத் திறப்பது பள்ளி நாளில் அவள், விடுமுறையில் அந்தப் பையன். தண்ணீர் மாற்றுவது நான். முட்டையை இப்போதைக்கு ஆளுக்குப் பாதி என்று வைத்திருக்கிறோம்.